பழைய ஸ்போர்ட்ஸ் காரும் முதல் உரிமையாளரும்: வண்டலூர் முதல் ஆம்பூர் வரை

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை இராணிப்பேட்டை, வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் வழியாகப் பாலாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிச் செல்கிறது. தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற இந்த வட்டாரத்தில் ஒருவர் முதன்முறையாகப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க முற்பட்டால், 1950களில் டெல்லியில் வகுக்கப்பட்ட தொழிற்கொள்கையின் விளைவுகளும் அந்தக் காருடன் சேர்ந்தே அவர் வீட்டு வாசலுக்கு வருகின்றன. இங்கிலாந்தில் இத்தகைய காரை வாங்குபவர் முதலில் துருவைத் தேடுவார். தமிழ்நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். அடுத்தது உதிரிபாகம். துரு மூன்றாவது இடத்துக்குத்தான் வரும். இந்த வரிசை எப்படி அமைந்தது என்பதை அறிய நாட்டின் கார் வரலாற்றைச் சற்றே பார்க்க வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்பது பொதுவாக இருவர் அமரக்கூடிய, எடை குறைந்த, தாழ்வான காரைக் குறிக்கும். அதிவேகம் அதன் இலக்கணம் அன்று. 1945-இல் வெளிவந்த எம்.ஜி. டி.சி. என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் காரின் 1250 சி.சி. எஞ்சின் ஏறத்தாழ 54 குதிரைத்திறன் மட்டுமே தந்தது. இன்றைய சிறிய குடும்பக் கார்களில் பல அதைவிட ஆற்றல் மிக்கவை. வளைவில் திரும்பும்போது சாலை கையிலேயே தெரிவதுதான் அந்தக் கார்களின் கவர்ச்சி.

இறக்குமதித் தடையும் சோழவரமும்

விடுதலைக்கு முன் இந்தியாவில் வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்வதும், பாகங்களாகக் கொண்டுவந்து பூட்டி விற்பதும் வழக்கமாக இருந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது இந்நிலை மாறியது. உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கே இடம் என்று 1953-இல் முடிவானதும் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆகியவை வெளியேறின. அதன்பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் சாதாரண இந்தியருக்குக் கிடைத்தவை அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஆகிய மூன்று வகைகளே. இவற்றில் எதுவும் இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அன்று.

எனவே நாட்டில் இருந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் சில குறிப்பிட்ட வழிகளில் வந்தவை. தடைக்கு முன் தேயிலைத் தோட்ட அதிகாரிகள், ஜமீன்தார்கள், அரச குடும்பத்தினர் வாங்கியவை ஒரு வகை. வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியோர் கொண்டுவந்தவை இன்னொரு வகை. தூதரக அதிகாரிகள் விட்டுச் சென்ற கார்களை அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வாங்கி ஒப்பந்தப்புள்ளி முறையில் விற்றது மூன்றாவது வகை. ஒவ்வொரு வகைக்கும் வெவ்வேறு காகிதங்கள் உண்டு. வண்டி ஐந்தாறு கைகள் மாறியிருக்கும். அப்படி மாறும்போது முதலில் தொலைவது அந்தக் காகிதங்கள்தாம்.

இத்தகைய கார்கள் பொதுமக்கள் கண்ணில் பட்ட இடம் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னைக்கு வடக்கே அமைக்கப்பட்ட விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. வெளியிலிருந்து வாங்க முடியாததை இங்கேயே செய்துகொள்ளும் பழக்கம் அந்த ஓடுதளத்தில்தான் வளர்ந்தது. கோவை எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினைப் பொருத்தி ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கியதும் இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியே. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் வந்தபின் சோழவரத்தின் காலம் முடிந்தது. புதிய தடம் ஸ்ரீபெரும்புதூர் அருகே, வேலூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் அதே நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது.

வண்டலூரில் பிறந்த ஹெரால்டு

தமிழ்நாட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் பற்றிப் பேசும் எவரும் ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தவிர்க்க முடியாது. யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சேர்ந்து 1948-இல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. தொழிற்சாலை வண்டலூரில் அமைந்தது. வான்கார்டு, டென், பென்னன்ட் ஆகிய கார்களுக்குப் பின் 1961-இல் ஹெரால்டு வெளிவந்தது.

ஹெரால்டின் மூலம் 1959-இல் இங்கிலாந்தில் வெளியான ட்ரையம்ப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கலாட்டி. அக்காலத்தில் கார் உடலையும் அடிச்சட்டத்தையும் ஒரே கூடாகச் செய்யும் முறை பரவிக்கொண்டிருந்தது. ஆனால் ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடல் தகடுகளைச் செய்து தந்த ஆலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டதால், பழைய முறைப்படி தனி அடிச்சட்டம் செய்து அதன்மேல் உடலைப் பகுதி பகுதியாகப் போல்ட் போட்டு இணைக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் இது வேறு வழியின்றிச் செய்த ஏற்பாடு. வண்டலூருக்கோ அது பெரும் வசதி. பாகங்களாக வந்ததைப் பூட்டுவது எளிது. பின்னாளில் கழற்றிச் சீர்செய்வதும் எளிது. முன்பக்கப் பானட் இரு மட்கார்டுகளுடன் சேர்ந்து முன்னோக்கி மொத்தமாகத் திறக்கும். மெக்கானிக் முன் டயரின்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலையைப் பார்க்கலாம்.

இந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, அதே மிக்கலாட்டியின் வடிவமைப்பில் 1962-இல் ட்ரையம்ப் நிறுவனம் வெளியிட்ட இரு இருக்கைத் திறந்த காரே ஸ்பிட்ஃபயர். 1980 வரை தயாரிக்கப்பட்டு, உலகில் மிகுதியாக விற்பனையான சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்றாயிற்று. இந்தியாவில் அது தயாரிக்கப்படவில்லை. ஆனால் அதன் முன்சக்கரத் தாங்கிகள், ஸ்டீயரிங் அமைப்பு, பின்புறக் குறுக்குப் பட்டை ஸ்பிரிங் ஆகியவற்றின் மூலம் ஹெரால்டில் உள்ளது. எஞ்சினும் அதே குடும்பம்: இந்திய ஹெரால்டில் 948 சி.சி., தொடக்ககால ஸ்பிட்ஃபயரில் 1147 சி.சி. ஹெரால்டு பழகிய மெக்கானிக் ஒருவர் கிடைத்தால் ஸ்பிட்ஃபயர் அவருக்கு அந்நியமாக இராது. மற்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்குத் தமிழ்நாட்டில் இந்த வசதி இல்லை.

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் இரண்டையும் பார்க்கச் செல்பவர் அறிய வேண்டியவை சில உண்டு. ஹெரால்டில் அடிச்சட்டத்தின் பக்கக் கைகள் எடையைத் தாங்குகின்றன. ஸ்பிட்ஃபயரில் அப்பக்கச் சட்டங்கள் நீக்கப்பட்டதால், கதவுக்கு அடியில் ஓடும் தகட்டுப் பெட்டியே அந்த வேலையைச் செய்கிறது. அது அரித்துப் போயிருந்தால் கார் நடுவில் தொய்யும்; கதவு சரியாக மூடாது. அந்த இடத்தில் பட்டி பூசிப் பளபளப்பாகப் பெயின்ட் அடித்துவிட்டால் முதல் பார்வையில் தெரியாது. காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தகடு இருக்குமிடத்தில் ஒட்டும், பட்டி தடித்த இடத்தில் ஒட்டாது.

முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு அடியில் ஒரு பித்தளை மரைக்குள் திரும்புகிறது. ட்ரன்னியன் எனப்படும் இதற்குக் கியர் ஆயில் விட வேண்டும் என்பது தயாரிப்பாளர் வகுத்த முறை. நம்மூர் ஒர்க்ஷாப்களில் நிப்பிள் கண்ட இடமெல்லாம் கிரீஸ் அடிப்பது வழக்கம். கிரீஸ் மரையின் அடிவரை சென்று சேராது. நீர் இறங்கித் துருப்பிடித்துத் தண்டு முறிந்தால் ஓடும் வண்டியின் சக்கரம் உள்ளே மடங்கிவிடும். இருநூறு ரூபாய் எண்ணெயைத் தவறவிட்டதால் உயிருக்கே ஆபத்து நேரக்கூடிய இடம் இது.

எஞ்சினுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் எஞ்சினின் முன்பக்கக் கப்பியைக் கவனிக்க வேண்டும். கப்பி கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் கிராங்க் ஷாஃப்டின் உந்து வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அவை கழன்று விழுந்தால் எஞ்சின் பிளாக்கே பாழாகும்.

பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அமைப்பு ஹெரால்டின் பெருமையும் குறையும் ஆகும். வளைவில் வேகமாக நுழைந்து, பயந்து ஆக்ஸிலரேட்டரைத் திடீரென விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்க, வண்டியின் பின்புறம் தூக்கிக்கொள்ளும். ஏலகிரி மலைச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகள் இதை முதன்முதலாகக் கற்றுக்கொள்ளும் இடம் அல்ல. இந்தியச் சாலைகளையும் பின்னிருக்கையில் நெருக்கி அமரும் குடும்பங்களையும் கருதியோ என்னவோ, 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கேஸல் காரில் இந்த அமைப்பு கைவிடப்பட்டு நேர் அச்சு பொருத்தப்பட்டது. கேஸல் 1977-இல் நின்றது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை வெளியிட்ட நிறுவனம் 1988-இல் கார் தயாரிப்பையே நிறுத்திவிட்டது.

பிற கார்களைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். எம்.ஜி.யின் டி.சி., டி.டி. வகைகளில் தகடுகளுக்கு உள்ளே ஆஷ் மரச் சட்டம் உண்டு. துருவுக்குப் பயந்தால் போதாது, கரையானுக்கும் பயப்பட வேண்டும். இந்தியத் தயாரிப்பான சான் ஸ்டார்ம் 1990களின் இறுதியில் வந்த இரு இருக்கைக் கார். ஃபைபர் உடல், ரெனோ எஞ்சின் கொண்டது. சிங்காரா ரோட்ஸ்டரில் கான்டெஸா காரின் இசுசு எஞ்சின் பயன்பட்டது. இவ்விரண்டுக்கும் இறக்குமதிக் காகிதத் தொல்லை இல்லை.

ஆர்.சி. புத்தகம்

ஒரே பணத்துக்கு ஒழுங்கான ஆவணமுள்ள இரு கதவு ஹெரால்டும் ஆவணம் தெளிவில்லாத ஸ்பிட்ஃபயரும் கிடைத்தால், முதன்முறை வாங்குபவர் ஹெரால்டையே எடுக்க வேண்டும். ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் கார் அல்ல என்ற குறை உண்மைதான். ஆனால் பதிவு செய்ய முடியாத ஸ்போர்ட்ஸ் காரும் ஓடாத கார்தான்.

1989-க்கு முன் பதிவான தமிழ்நாட்டு வண்டிகளுக்கு மூன்றெழுத்துடன் தொடங்கும் எண்கள் இருந்தன. அதன்பின் மாநிலம், அலுவலகம் ஆகியவற்றைக் குறிக்கும் இன்றைய முறை வந்தது. வேலூருக்கு டி.என். 23, இராணிப்பேட்டைக்கு 73, வாணியம்பாடிக்கு 83. பழைய எண்ணுள்ள காரை வாங்கும்போது, அந்த எண் அலுவலகப் பதிவேட்டில் இன்றும் உயிரோடு உள்ளதா, கணினிப் பதிவில் ஏற்றப்பட்டுள்ளதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டறிய வேண்டும். சேஸிஸ் எண்ணைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யுடன் எழுத்து எழுத்தாக ஒப்பிடுவது நெடுங்கால வழக்கம். எஞ்சின் எண்ணையும் அவ்வாறே பார்க்க வேண்டும். பழைய கார்களில் எஞ்சின் மாறியிருப்பது அரிதன்று, மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விடுவதும் அரிதன்று. வேறு மாநில வண்டியானால் அங்குள்ள அலுவலகத்தின் தடையின்மைச் சான்று இல்லாமல் இங்கே பதிவு நடக்காது.

ஹெரால்டின் கூரையும் போல்ட் போட்டு இணைக்கப்பட்டதே. கழற்றிவிட்டால் பார்ப்பதற்குத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் போலாகிவிடும். இந்த ஆசைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தெளிவாகக் கூறியது. அப்படிக் கூரை கழற்றிய ஹெரால்டை வாங்குபவர், முந்தைய உரிமையாளர் செய்த தவறுக்குத் தாம் பதில் சொல்ல நேரும்.

இறக்குமதி வண்டியில் சுங்கத் துறையின் பில் ஆஃப் என்ட்ரி ஆவணம் முதன்மையானது. பழைய கார்களை விருப்பம்போல் கொண்டுவர இன்றும் இயலாது. 2001-க்குப் பின் பயன்படுத்திய கார்களின் இறக்குமதி அனுமதிக்கப்பட்டபோதும், மூன்று ஆண்டுக்கு மேற்படாதவை, வலப்புற ஸ்டீயரிங் உள்ளவை என்பன போன்ற நிபந்தனைகளும், வண்டி விலையையே மிஞ்சும் வரியும் இருந்தன. 1950-க்கு முன் தயாரானவற்றுக்கு மட்டும் தனிச் சலுகை நெடுங்காலம் நடப்பில் இருந்தது. 1960களின், 70களின் ஸ்போர்ட்ஸ் கார்கள் இந்த இரு வாசல்களுக்கும் இடையே சிக்கிக்கொண்டன. ஆகவே அண்மையில் வெளிநாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அக்காலக் கார் எதுவாயினும் கேள்வி கேட்க வேண்டியதே. 2025 செப்டம்பரில், பூட்டான் வழியாகப் போலி ஆவணங்களுடன் வண்டிகள் கொண்டுவரப்பட்டன என்ற ஐயத்தில், சுங்கத் துறை 'நும்கோர்' என்ற பெயரில் கேரளத்தில் சோதனை நடத்திப் பல கார்களைப் பறிமுதல் செய்தது. அவற்றை அப்போது வைத்திருந்தவர்கள் பலரும் பிறரிடமிருந்து வாங்கியவர்கள்.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கென மத்திய அரசு 2021 ஜூலையில் தனிவிதிகளை வெளியிட்டது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகள் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. இப்படிப் பதிவான காரைக் கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், ஆராய்ச்சி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் போக்குவரத்துக்கு எடுக்க முடியாது. ஆம்பூரிலிருந்து வேலூருக்குத் தினமும் வேலைக்கு ஓட்டிச் செல்ல நினைப்பவருக்கு இந்தப் பதிவு பயன்படாது. அவர் வழக்கமான பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணம் சாதாரணக் காருக்கு 5,000 ரூபாயும் இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாயும் ஆனது. 20 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2025-இல் மேலும் உயர்த்தப்பட்டது. ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் உடன்பிறப்புகள் என்றாலும் கட்டணப் பட்டியலில் அவற்றின் இடம் வேறு வேறு.

இருக்கைத் தோலும் ஆம்பூரும்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் மலிவு, ஆகவே பழைய காரின் இருக்கைகளை எளிதாகப் புதுப்பித்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. இது பாதி உண்மை.

இவ்வட்டாரத்தின் பழைய பெருமை, ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட 'ஈ.ஐ.' தோல். கிழக்கிந்தியா என்பதன் சுருக்கமே அப்பெயர். அரைப்பதனிட்ட நிலையில் பிரிட்டனுக்கு ஏற்றுமதியாகிச் செருப்பாகவும் புத்தக அட்டையாகவும் மாறியது. 1903-இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனீட்டுச் சோதனைகளைத் தொடங்கினார். பின்னர் எழுந்த குரோம் லெதர் கம்பெனியால் ஓர் ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர் வந்தது. ஹெரால்டு பிறந்த வண்டலூருக்குச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில்தான் குரோம்பேட்டையும் உள்ளது. 1970களில் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்ததும் பாலாற்றங்கரை ஊர்கள் முழுத்தோலுக்கும் காலணிக்கும் மாறின.

இங்குள்ள கைத்திறன் பெரும்பாலும் ஆட்டுத்தோலிலும் காலணி மேல்தோலிலும் வளர்ந்தது. ஓர் ஆட்டுத்தோல் நான்கு முதல் ஆறு சதுர அடிதான் தேறும். இந்திய மாட்டுத்தோல் பொதுவாக இருபதைச் சற்றே தாண்டும். கார் இருக்கைக்குப் பயன்படும் ஐரோப்பிய மாட்டுத்தோல் ஐம்பது சதுர அடிவரை வரும். எம்.ஜி. டி.சி. காரின் முதுகுச் சாய்வு இருவருக்கும் சேர்த்து ஒரே நீளத் துண்டு. அதை ஒட்டில்லாமல் வெட்டச் சிறிய தோல் போதாது. ஆனால் அதன் முகப்பு நெடுங்கோடுகளாக மடித்துத் தைக்கப்பட்டது. மடிப்பின் பள்ளத்தில் இணைப்பை மறைக்கத் தெரிந்த குஷன் கடைக்காரர் உள்ளூர்த் தோலிலேயே அதை முடித்துவிடுவார். அந்தக் கார்களில் உட்காரும் முகப்பு மட்டுமே தோல். பக்கமும் பின்புறமும் ரெக்சின். தமிழில் பை, சோபா எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்ட ரெக்சின், பூச்சிட்ட துணிக்கு இங்கிலாந்து நிறுவனம் ஒன்று வைத்த வணிகப் பெயரே.

வாங்குபவர் கேட்க வேண்டிய இன்னொன்று வெயில் பற்றியது. காலணித் தோல் மணிக்கணக்கில் திறந்த வெயிலில் கிடப்பதற்கெனச் செய்யப்படுவதில்லை. வேலூரின் மே மாத வெயிலில் கூரையில்லாத காரில் அது சாயம் வெளிறி வெடிக்கும். ஒளி தாங்கும் பூச்சுள்ள இருக்கைத் தோலா என்று விற்பவரிடம் கேட்பது நல்லது. காரிலுள்ள பழைய தோலை விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். செம்பழுப்புத் தூள் விரலில் ஒட்டினால் அது பட்டைப் பதனீட்டுத் தோலுக்கு வரும் செந்தூள் நோய். எண்ணெயோ கிரீமோ அதை மீட்காது. வெறும் வறட்சியும் விரிசலும் மட்டும் இருந்தால் மூலத் தோலைக் காப்பாற்றுவதே மேல். பழங்கார் மதிப்பீட்டில் தேய்ந்த மூலத் தோலுக்குள்ள மதிப்பு புதுத் தோலுக்குக் கிடைப்பதில்லை.

தோலின் விலையில் ஆற்றின் விலையும் அடங்கியுள்ளது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996-இல் நிலைநாட்டியது. பாலாற்று மாசு தொடர்பாக 2025 ஜனவரியிலும் அது மீண்டும் தீர்ப்பு வழங்க நேர்ந்தது.

எரிபொருள்

இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் முடிவுக்கு வந்தது. பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளுக்கு ஈயமே காப்பாக இருந்தது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் வாய்ப்பு வரும்போது கடினப்படுத்திய வால்வு இருக்கைகளைப் பொருத்திவிடலாம். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டரின் உள்தோல்களையும் அது இளக்கும். மாதக்கணக்கில் நின்ற டாங்கில் ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். வாங்கிய முதல் வாரத்திலேயே பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுவது பெருஞ்செலவு அன்று. பெட்ரோல் ஒழுகும் குழாய் சூடான சைலன்சருக்கு மேலேதான் செல்கிறது என்பதை மெக்கானிக்கிடம் நினைவூட்ட வேண்டும்.

வாங்குமுன் நல்ல நிலையிலுள்ள பழங்கார்களை நேரில் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ள விரும்புவோருக்குக் கோவையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகமும், சென்னை வடபழனியில் 2023-இல் திறக்கப்பட்ட ஏ.வி.எம். பாரம்பரிய அருங்காட்சியகமும் உள்ளன. வேலூரிலிருந்து இரண்டாவது அருகில். காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம்.